பம்பு மாற்றியாச்சு என்றார்கள், கிளட்சையே கழற்றவில்லை

மரம் அறுக்கும் மிஷின் வைத்திருக்கும் தோப்புக்காரர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். எனக்கு 2,800 ரூபாய் போனது. கூடவே ஒரு பாரும் செயினும் போனது.

என்னுடையது 58 சிசி மிஷின், 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). ஸ்டிக்கரில் ஏதோ பெயர் இருக்கும், உள்ளே எல்லாம் சீனா சாமான்தான். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்துப் போட்டபோது பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை படுத்துக் கிடந்தது. அறுக்க ஆள் கிடைக்கவில்லை. மச்சானும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். அன்றிலிருந்து பெரிய செலவு எதுவும் வைத்ததில்லை.

போன மாதம் பட்டுப்போன புளியமரம் ஒன்றை அறுக்கும்போது புகை கிளம்பியது. செயின் தொய்ந்து தொங்குகிறது. பாரின் நுனி நீலம் பாய்ந்திருக்கிறது. செயினுக்குப் போகிற ஆயில் வரவில்லை என்று எனக்கே தெரிந்தது. டவுனில் இந்த மாதிரி மிஷின் பார்க்கும் கடைக்குக் கொண்டு போனேன்.

கடைக்காரர் மிஷினைத் திறக்கக்கூட இல்லை. "ஆயில் பம்பு வீக்குண்ணே. கம்பெனி பம்பு சின்ன பாருக்குத்தான் தாங்கும். நீங்க 22 போட்டிருக்கீங்க. ஹை ஃப்ளோ பம்பு போட்டு, பிளாஸ்டிக் வார்ம் கியரை எடுத்துட்டு இரும்புல மாட்டிடலாம். அப்புறம் கவலையே இல்ல."

இதில் முழுப்பொய் என்று ஒன்றும் கிடையாது, அதுதான் விஷயம். கிளட்சுக்குப் பின்னால், திருகு மாதிரி மரை வெட்டிய வார்ம் கியர் சுற்றும். அது பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர் என்கிற சின்னத் தண்டைச் சுழற்றும். பிளஞ்சர் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய் ஆயிலைத் தள்ளும். பிளஞ்சர் பருமனாக இருந்தால் ஆயில் கூடுதலாக வரும். பெரிய மிஷின்களில் நீளமான பார் போடுகிறவர்கள் நிஜமாகவே அப்படிப்பட்ட பம்பை மாட்டுகிறார்கள். செயின் பிரேக்கைப் போட்டபடியே ஆக்சிலேட்டர் முறுக்கினால் கிளட்ச் டிரம் சூடேறி பிளாஸ்டிக் கியர் உருகும் என்பதும் உண்மை. அதையும் அவர்தான் சொன்னார். இவ்வளவு விவரம் தெரிந்த ஆள் என்று தலையாட்டிவிட்டேன்.

உரக்கடைக்குப் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினால் வேலை முடிந்திருந்தது. கடைப் பையன் பாரைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிக் காட்டினான். பார் உட்காரும் இடத்தில் இருக்கும் துளையிலிருந்து ஆயில் கொழகொழவென்று வழிந்தது. "பாத்தீங்களாண்ணே, முன்னாடி இப்படி வந்துச்சா?" பம்பு 1,850, கியர் 450, கூலி 500. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் கடை சீல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து வேலை ஆரம்பித்தேன். பெட்ரோல் பாதி தீர்வதற்குள் ஆயில் டேங்க் காலி. எனக்கு ஒரே சந்தோஷம், புதுப் பம்பு என்ன இழு இழுக்கிறது பார் என்று. மிஷினின் அடிவயிறு முழுக்க ஆயில், என் கைலியிலும் ஆயில். செயினை மட்டும் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பாரில் செயின் ஓடும் பள்ளம் கருகி விளிம்பு பிதுங்கி, செயின் சிக்கி நின்றது. புது பாரும் செயினும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

பக்கத்துக் கொல்லையில் சவுக்கு வெட்ட வந்திருந்த ஒரு அண்ணன் சத்தத்தைக் கேட்டே வந்துவிட்டார். செய்தித்தாளை விரித்து, பார் நுனியை ஒரு சாண் மேலே பிடித்து, முறுக்கினார். தாளில் ஒரு பொட்டுகூட விழவில்லை. பாரைக் கழற்றி, அதன் வால் பக்கம் இருக்கும் சின்னத் துளையைக் காட்டினார். துளை எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்குத் தென்னந்தூள் கெட்டித்துப் போயிருந்தது. சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தியதும் கரித்துண்டு மாதிரி ஒன்று வெளியே வந்து விழுந்தது. திரும்ப மாட்டி முறுக்கினால் தாளில் கறுப்பாக ஒரு கோடு.

"இதுக்கா தம்பி பம்பு மாத்துன?"

பார் துளை அடைத்திருந்தால் பம்பு தள்ளுகிற ஆயில் எங்கே போகும்? பார் உட்காரும் இடத்திலேயே கசிந்து கீழே வழியும். டேங்க் காலியாகும், செயின் காய்ந்தே இருக்கும். கடையில் பாரைக் கழற்றிக் காட்டினானே, அப்போது எந்தப் பம்பிலும் ஆயில் வரத்தான் செய்யும்!

"சரி, அந்தப் புதுப் பம்பையும் பாத்துருவோம்" என்று அவரே உட்கார்ந்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் நைலான் கயிறை விட்டு பிஸ்டன் நகராமல் தடுத்தார். கிளட்ச் தலைகீழ் மரை. நாம் வழக்கமாக இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். டிரம் வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளே தூளும் ஆயிலும் வெந்து, குளவிக்கூடு மாதிரி அப்பியிருந்தது. பம்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலையே தெரியவில்லை, சுரண்டித்தான் கண்டுபிடித்தார். வார்ம் கியர் அதே பழைய பிளாஸ்டிக். ஒரே ஒரு இடத்தில்தான் கை பட்டிருந்தது. அடியில் ஆயில் அளவு கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவில் பளபளவென்று புதுக் கீறல். அதைக் கடைசி வரை திருப்பி வைத்திருக்கிறார்கள். 2,800 ரூபாய் அதற்கு.

அண்ணன் என்னையும் விடவில்லை. டிராக்டரில் வடித்த கழிவு ஆயிலைத்தான் இத்தனை வருஷமாக ஊற்றினேன். "அதை ஊத்துனா அடைக்காம என்ன பண்ணும்? நாங்க 40 நம்பர் ஆயில் புதுசா வாங்கித்தான் ஊத்துறோம்." அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆயில் வரவில்லை என்றால் முதலில் பாரின் துளையையும் பள்ளத்தையும் குத்திச் சுத்தம் பண்ணுங்கள். அடுத்து டேங்குக்குள் குழாய் முனையில் இருக்கும் ஃபில்டர். பிறகு அந்தத் தாள் சோதனை. அதற்கும் கோடு விழாவிட்டால்தான் கடை. பம்பு மாற்றுகிறோம் என்றால் கிளட்ச் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், செல்போனில் ஒரு படம் எடுங்கள். அதைக் கழற்றாமல் என் மாதிரி மிஷினில் பம்பைத் தொடவே முடியாது. பழைய பம்பைக் கையோடு வாங்கி, புதியதன் பிளஞ்சரோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பருமன் என்றால் ஹை ஃப்ளோ என்ற பேச்சைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

மறுநாள் மிஷினை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். திறந்ததைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. "கழட்டுன பழைய பம்பைக் குடுங்க, வீட்ல கேக்குறாங்க" என்றேன். கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் மேசைக்கு அடியில் இருந்த டப்பாவைத் துழாவி ஒரு பம்பை எடுத்து நீட்டினார். யார் மிஷினுடையதோ, பிளஞ்சர் மரை தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. "இதுதாண்ணே உங்களுது. பாருங்க எப்படித் தேஞ்சிருக்குன்னு!"

கிளட்சைக் கழற்றியபோது செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் பையனைக் கூப்பிட்டுத் திட்டினார், பையன் மறந்துவிட்டானாம். 1,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். மீதியை அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளலாம் என்றார். அந்தத் தேய்ந்த பம்பை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.