அம்மாவின் தறிக்கதை: எழுதித் தரும் கருவியா, கேட்டு வாங்கும் கருவியா?

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அருப்புக்கோட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து முப்பது வருடம் சேலை நெய்தவள். "என் கதையை எழுதி வைத்துவிடு" என்று அவளாகவே கேட்டாள். அவளுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தேடிப் போனேன். நான்கு மாதத்தில் நான்கு வழிகளைப் பார்த்தாயிற்று.

எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். ஒரு கருவியிடம் பன்னிரண்டு குறிப்புகளைக் கொடுத்து, "இதைத் தன்வரலாறாக எழுது" என்றேன். இரண்டு நிமிடத்தில் நான்கு பக்கம் வந்தது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. "தறியின் தாளம் என் நெஞ்சின் துடிப்பானது" என்ற வரியை வாசித்துக் காட்டியதும் அம்மா, "இது யாருடைய கதை?" என்று கேட்டாள். தறிச் சத்தத்தைப் பற்றி அவள் சொல்லியிருந்தது வேறு. சத்தம் கேட்கிறவரை யாரும் கவனிக்க மாட்டார்களாம். நின்றால்தான் அடுத்த வீட்டு அத்தை, என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்ப்பாளாம்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. 1974 பொங்கலைப் பற்றிய பத்தியில், அரசின் இலவச சேலைக்காக அம்மா இரவெல்லாம் நெய்ததாகக் கருவி சேர்த்துவிட்டது. இலவச வேட்டி சேலைத் திட்டம் வந்ததே 1983இல். ஒரு நெசவாளி வீட்டில் பொதுவாக என்ன நடந்திருக்குமோ அதை இட்டு நிரப்புவது கருவியின் இயல்பு. அந்த நிரப்பல் உண்மையைப் போலவே இருப்பதால் பேரப்பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள். எந்தக் கருவி என்று சொல்ல மாட்டேன். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மூன்றுமே தமிழில் எழுதுகின்றன. இன்றைய தரவரிசை அடுத்த மாதம் மாறிவிடும்.

இரண்டாவது வழி, பேச்சை எழுத்தாக்குவது. போன் விசைப்பலகையில் உள்ள மைக் கைக்கு எளிது. ஆனால் அம்மா ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெற்றிலை போடுவாள். அதற்குள் மைக் அணைந்துவிடும். ஆகவே ஒலிப்பதிவு செய்துகொண்டு பிறகு எழுத்தாக்குவதே மேல். அப்படிச் செய்தபோது ஒரு கருவி, தறியின் நீளவாட்டு நூலான பாவைச் சொல்லும் "பாவு ஓடினோம்" என்பதைப் "பாவம் ஓடினோம்" என்று எழுதியது. குறுக்கு நூலான ஊடை, உடை ஆயிற்று. ஊடை நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றிய பெண்கள், தார் ரோடு சுற்றினார்கள். அம்மா சிரித்த சிரிப்பில் அன்றைய பதிவு கெட்டுப்போனது.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது விஸ்பர். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் 2022இல் இலவசமாக வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இது. 6 லட்சத்து 80 ஆயிரம் மணி நேரப் பேச்சைக் கொண்டு பயிற்றுவித்தார்கள். அதில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பாவு, ஊடை, நாடா, தார் என்று ஒரு சொற்பட்டியலை முன்குறிப்பாகக் கொடுத்து அதன் காதைப் பழக்கலாம். முக்கியமான வசதி வேறு: இணையம் இல்லாமல் நம் கணினியிலேயே ஓடும். வீட்டு விஷயம் வீட்டைத் தாண்டாது.

கூகுளின் நோட்புக்எல்எம் மூன்றாவது. நாம் ஏற்றிய ஆவணங்களிலிருந்து மட்டும் பதில் சொல்லி, எந்த இடம் என்று எண் போட்டுக் காட்டும். இலவசக் கணக்கில் ஒரு நோட்டுக்கு 50 ஆவணங்கள் வரை ஏற்றலாம். அம்மா தன் கல்யாண வருடத்தை இரண்டு பதிவுகளில் இரண்டு விதமாகச் சொன்னதை இதில்தான் கண்டுபிடித்தேன். நல்ல கணக்குப்பிள்ளை, எழுத்தாளன் அல்ல.

என் ஓட்டு நான்காவது வழிக்கு. உரையாடும் கருவியிடம், "நீ ஒரு வரிகூட எழுதாதே. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேள். பதிலில் வந்த பொருளைப் பற்றியே அடுத்த கேள்வி இருக்கட்டும்" என்று கட்டளை போட்டேன். முதல் நாள், "வாழ்வின் மகிழ்ச்சியான தருணம் எது?" என்று கேட்டுத் தொலைத்தது. "தெரியாது" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். உணர்ச்சியைக் கேட்காமல் பொருளைக் கேட்கச் சொன்னேன். மறுநாள், "தறிக்குழிக்குள் கால் வைத்தால் தரை எப்படி இருக்கும்?" என்றது. அவ்வளவுதான், நாற்பது நிமிடம் பேசினாள். ஐப்பசி மழையில் குழிக்குள் நீர் ஊறும். சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் மிதிப்பாள். ஒரு நாள் சாக்குக்கு அடியில் தேரை. ஈரம் ஏறிய பாவு அறுந்து அறுந்து போகும். முடிச்சு தெரிகிறது என்று நெசவாளர் சங்கத்தில் கூலியில் பிடித்தம் செய்தார்கள். இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை. மகனுக்குத் தறிக்குழி தெரியும் என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள், நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாதவன் கேட்கும் கேள்விக்கு ஒரு தனி லாபம் உண்டு.

நீண்ட பேட்டிக்கு ஒரு இடைஞ்சல், உரையாடல் நீளும்போது கருவி தொடக்கத்தை மறப்பது. தமிழுக்கு இது கூடுதலாகவே இருந்தது, ஏனென்றால் கருவியின் நினைவுக்குத் துண்டுக் கணக்கில் ஒரு வரம்பு உண்டு, நம் எழுத்துகளையோ அது பொடிப்பொடியாக உடைத்து எண்ணியது. 2024 மே மாதம் வந்த, சாட்ஜிபிடியின் ஜிபிடி-4ஓ பதிப்புக்காக ஓபன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டாக உடைந்த தமிழ் வாசகம் 35 துண்டுகளுக்குள் அடங்கியது. இருந்தாலும் ஒவ்வொரு அமர்வையும் புதிதாகத் தொடங்கி, முந்தைய நாளின் சுருக்கத்தை ஒட்டிவிடுவதே நல்லது.

டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்து வாங்குவதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மெதுவானது, காசும் ஆகும். ஆனால் அங்கே இருந்த பெண் மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்து, "தேரையை என்ன செய்தார்கள்?" என்று கேட்டாள். அது கருவிக்குத் தோன்றவில்லை.

இப்போது அறுபத்தொரு பக்கம் ஆகியிருக்கிறது. சென்ற வாரம் கருவி, "தாலியை அடகு வைத்த அன்று யார் கூட வந்தார்கள்?" என்று கேட்டது. அம்மா ஒன்பது நிமிடம் பேசிவிட்டு, "இதை எழுதாதே. குரல் மட்டும் இருக்கட்டும்" என்றாள். அந்தக் கோப்பு என் கணினியில் தனியாக இருக்கிறது. எந்தக் கருவிக்கும் அதைக் கொடுக்கவில்லை.