பூச்சிமருந்து எச்ச வரம்பு தேட இரண்டு தளங்கள்: எது எதற்கு?

காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் என்று செய்தி வந்தால் எல்லோரும் பதறுகிறோம். கண்டுபிடித்த அளவு வரம்புக்கு மேலா கீழா, அந்த வரம்பை யார் வைத்தார்கள் என்பது மட்டும் செய்தியில் இருக்காது. அதைத் தேட நான் திறப்பது இரண்டு தளங்கள்: கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் என்னும் சர்வதேச உணவுத் தரத் தொகுப்பின் பூச்சிக்கொல்லி எச்சத் தரவுத்தளம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பூச்சிக்கொல்லித் தரவுத்தளம். இரண்டும் இலவசம், பதிவு செய்யவும் வேண்டாம்.

கோடெக்ஸ், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963-ல் தொடங்கியது. மருந்தின் பெயரைத் தட்டினால் பயிர் வாரியாக வரம்பு, அது ஏற்கப்பட்ட ஆண்டு, ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று மதிப்பிட்ட அளவு எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். படிக்கச் சுலபம். ஆனால் இது எந்த நாட்டுக்கும் நேரடிச் சட்டமல்ல, உலக வர்த்தக அமைப்பில் உணவுப் பாதுகாப்பு வழக்கு வந்தால் அளவுகோலாக எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஐரோப்பியத் தளம் கொஞ்சம் முரடு, ஆனால் சரக்கு அங்கேதான் இருக்கிறது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைத் தேடிப் பாருங்கள், ஒப்புதல் இல்லை என்று வரும். 2020 ஜனவரியில் அதன் ஒப்புதலைப் புதுப்பிக்க மறுத்தார்கள், அதே ஆண்டு வரம்பையும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு இறக்கினார்கள். ஒப்புதல் இல்லாத மருந்தை எந்த நாடும் தொடவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம், வேறு வழியில்லாத நெருக்கடி என்று காட்டினால் 120 நாள் வரை அவசர அனுமதி கொடுக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

இரண்டு தளத்திலும் பலர் தாண்டிப் போகும் விஷயம் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறி. 0.01* என்று இருந்தால் ‘அந்த அளவு போட்டுக்கொள்ளலாம்’ என்று அர்த்தமல்ல. ஆய்வகம் நம்பகமாக அளக்கக்கூடிய அடிமட்டம் அது, அளக்கும் அளவுக்கு எதுவும் இருக்கவே கூடாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதே மாதிரி, எச்சம் என்று எதைக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். பெனோமில், தயோபனேட் மெத்தில் என்ற பூஞ்சைக்கொல்லிகள் இரண்டும் உடைந்து கார்பென்டசிம் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி ஆகும், அதனால் அறிக்கையில் கார்பென்டசிம் என்று வந்தால் வயலில் அடித்தது அதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று, வரம்பு என்பதை விஷக்கோடு என்று படிக்கக் கூடாது. லேபிளில் சொன்ன அளவில் தெளித்து, காத்திருப்பு நாள் முடிந்து அறுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வயல் சோதனையில் பார்த்து, அது உடலுக்குத் தாங்குமா என்று சரிபார்த்த பிறகு வைப்பது. வரம்பு மீறினால் முதல் சந்தேகம் தெளித்த முறையில்தான் விழ வேண்டும், சாப்பிட்டவருக்கு ஆபத்தா என்பது தனிக் கணக்கு.

இரண்டிலும் இல்லாதது சோதனை முடிவுகள். வரம்பு இருக்கிறது, சரி, யாராவது எடுத்துப் பார்த்தார்களா? அதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆண்டறிக்கைக்குத்தான் போக வேண்டும். 2022-ல் எடுத்த 1,10,829 மாதிரிகளில் 96.3 சதவீதம் வரம்புக்குள் இருந்தன. இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது, ஏனென்றால் சந்தேகத்துக்குரிய சரக்கைக் குறிவைத்து எடுத்த மாதிரிகளும் அதில் கலந்திருக்கும். குறிவைக்காமல் எடுத்த மாதிரிகளின் கணக்கு அதே அறிக்கையில் தனியாக இருக்கிறது, அதைப் பாருங்கள்.

அவசரத்துக்கு கோடெக்ஸ் போதும். ஏற்றுமதி செய்பவர் என்றால் வாங்கும் நாட்டின் பட்டியலைப் பார்க்காமல் சரக்கை அனுப்பாதீர்கள். அப்புறம், வரம்பு எல்லாம் வேதிப்பொருளின் பெயரில்தான் இருக்கும், பாட்டிலின் வணிகப் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்காது. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரைக் குறித்துக்கொண்டு உட்காருங்கள்.