கன்னத்துக்குள் வைத்தது என்ன? சியோலுக்கு டிக்கெட் போடும் முன்

சியோலில் கன்ன எலும்பு இம்பிளான்ட் (கன்னத்தை எடுப்பாகக் காட்ட எலும்பின் மேல் வைக்கும் துண்டு) வைத்துக்கொண்டவர்களுக்கு, தாங்கள் ஏமாந்தது தெரியவருவது பெரும்பாலும் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துத்தான். அதுவரை வீக்கம் எல்லாவற்றையும் மூடிவைத்திருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் முகம் உப்பும், மூன்று வாரத்தில் பெருமளவு வடியும். அப்புறம்தான் ஒரு கன்னம் ஏறியும் மற்றது மூக்குப் பக்கம் சரிந்தும் இருப்பது கண்ணில் படும். கிளினிக்குக்குப் படம் அனுப்பினால் "வீக்கம்தான், ஆறு மாதம் பொறுங்கள்" என்று எல்லாருக்கும் அனுப்பும் அதே பதில் வரும். உள்ளூர் டாக்டரிடம் போனால் அவர் நாலு கேள்வி கேட்பார். வைத்தது சிலிகானா, மெட்போரா (துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக்)? எத்தனை மில்லிமீட்டர்? ஸ்க்ரூ போட்டார்களா? செய்தது யார்? நாலுக்கும் கையில் காகிதம் இருக்காது. இந்தப் பதிவு அந்தக் காகிதத்தைப் பற்றியது.

ஏமாற்று கிளினிக் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. கொரியாவில் டாக்டர் உரிமம் உள்ள யாரும் அழகு அறுவை செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பெயர்ப்பலகைக்கு ஒரு விதி உண்டு. பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் நடத்தும் இடம் மட்டுமே 'சொங்ஹ்யொங் வேக்வா' (பிளாஸ்டிக் சர்ஜரி) என்பதைக் கிளினிக்கின் பெயரோடு சேர்த்து எழுதலாம். மற்றவர்கள் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் 'ஜில்லியோ குவாமோக்', அதாவது 'சிகிச்சை அளிக்கும் பிரிவு' என்று போட்டு, அதன் பிறகே அந்தச் சொல்லை எழுத வேண்டும். இந்த 'ஜில்லியோ குவாமோக்'கைத்தான் கண்ணுக்கு எட்டாத அளவில் எழுதுவார்கள், அல்லது அந்த எழுத்துக்கு மட்டும் விளக்கு எரியாது. சியோலில் அப்குஜொங், சின்சா பகுதிகளில் நடந்தால் நிறையப் பார்க்கலாம். பலகையைப் படமெடுத்து, மொழிபெயர்ப்பு செயலியில் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பலகையையும் இணையதளத்தையும் நம்ப வேண்டாம்.

உள்ளே போனால் முதலில் உட்காரவைத்துப் பேசுகிறவர் டாக்டர் இல்லை, 'சில்ஜாங்' எனப்படும் ஆலோசனை மேலாளர். விலை பேசுவதும், "இன்றைக்கே முன்பணம் கட்டினால் இந்த விலை" என்று நெருக்குவதும், கன்னத்தோடு மூக்கோரத்துக்கும் ஒரு துண்டு வைத்துக்கொள்ளச் சொல்வதும் அவர்தான். டாக்டர் வந்து ஐந்து நிமிடம் நிற்பார். சொன்ன விலையில் 10 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள்; தனி என்று கடைசியில் சொல்வது வழக்கம். ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி, ஆனால் ரசீது கிடையாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பின்னால் புகார் கொடுக்க உங்களிடம் இருக்கும் முதல் ஆதாரமே அந்த ரசீதுதான். ஏஜென்ட் மூலம் போகிறவர்கள் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பவே கூடாது. வெளிநாட்டு நோயாளிகளை அழைக்கும் கிளினிக்கும் ஏஜென்டும் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றின் நகலைக் கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சிகிச்சைக்கான விசா சி-3-3. அதற்கான அழைப்பைப் பதிவுபெற்ற இடத்திலிருந்துதான் பெற முடியும். "டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், அது போதும்" என்று சொன்னால் ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

மொழியில் நடக்கும் விபத்து வேறு. கொரியாவில் கன்ன எலும்பு என்றாலே 'குவாங்டே'. அதில் முன்பக்கம் 'ஆப்', பக்கவாட்டு 'யோப்'. அங்கே பக்கவாட்டைக் குறைக்கத்தான் கூட்டம். இம்பிளான்ட் வைப்பதென்றால் பெரும்பாலும் முன்பக்கத்தில், கண்ணுக்குக் கீழே. நீங்கள் விரும்புவதோ காதுப் பக்கம் ஏறிப்போகும் மேட்டை எடுப்பாகக் காட்டுவது. மொழிபெயர்ப்பாளர் 'குவாங்டே' என்று மட்டும் சொல்லிவிட்டால், அவர்கள் முன்பக்கத்தில் வைத்து அனுப்பிவிடுவார்கள். சிரிக்கும்போது கண் இடுங்கி, முகம் உப்பிய குழந்தை முகம் மாதிரி ஆகிவிடும். கண்ணாடி முன் உட்கார்ந்து டாக்டரையே பேனாவால் முகத்தில் கோடு போடச் சொல்லி, அதைப் படமெடுத்து வையுங்கள். மில்லிமீட்டர் கணக்கையும் எழுதி வாங்குங்கள். 3 முதல் 6 மி.மீ. வரைதான் பொதுவான தடிமன். புகைப்படம் மட்டும் பார்த்து, 3டி சி.டி. ஸ்கேன் எடுக்காமல் அளவு சொல்கிறவர் ஊகத்தில்தான் சொல்கிறார்.

அடுத்தது பேய் அறுவை. அங்கே அதற்குப் பெயரே அதுதான்: மயக்கம் கொடுத்த பிறகு, பேசிய டாக்டர் போய் வேறொருவர் வந்து கத்தி பிடிப்பது. 2014லேயே இது பெரிதாக வெடித்தது. 2020இல், தான் செய்வதாகச் சொல்லி வேறு ஆட்களைக் கொண்டு செய்யவைத்த சியோலின் காங்னம் பகுதி மருத்துவமனை நடத்துநர் ஒருவருக்கு மோசடிக் குற்றத்துக்காக ஒரு வருடச் சிறை கிடைத்தது. 2016இல் தாடை அறுவைக்குப் போன கல்லூரி மாணவர் ரத்தப்போக்கில் உயிரிழந்தார். டாக்டர் ஒரே நேரத்தில் பல அறைகளில் அறுவை செய்துகொண்டிருந்ததையும், உதவியாளர்கள் மட்டும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததையும் கேமராப் பதிவிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் அந்த மாணவரின் தாய். அந்தப் போராட்டத்தின் பலன்தான் 2023 செப்டம்பர் 25 முதல் நடப்பில் உள்ள சட்டம்: நோயாளி நினைவிழந்த நிலையில் அறுவை நடக்கும் அறையில் கேமரா கட்டாயம்.

இங்கேதான் வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் கோட்டைவிடுகிறார்கள். கேமரா கட்டாயம், ஆனால் பதிவு நீங்கள் கேட்டால்தான். கத்தி எடுக்கும் நேரத்தில் கேட்டால் மறுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அதனால் நாள் குறிக்கும்போதே, எழுத்தில் கேளுங்கள். பதிவைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. பத்தாம் நாள் விமானம் ஏறி, ஆறாம் வாரம் சந்தேகம் வந்தால், அதற்குள் அழித்திருப்பார்கள். சின்ன உறுத்தல் இருந்தாலும் அந்த 30 நாளுக்குள் 'பதிவை அழிக்காதீர்கள், பார்க்க விண்ணப்பிக்கப் போகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவம் பற்றியும் ஒரு விஷயம். 2017 ஜூன் முதல், அறுவையை முதன்மையாகச் செய்யும் டாக்டரின் பெயர் படிவத்தில் இருக்க வேண்டும், ஆள் மாறினால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கொரியச் சட்டம் சொல்கிறது. ஆனால் படிவம் கைக்கு வருவது அறுவை நாள் காலையில், கொரிய மொழியில், வெறும் வயிற்றோடு படுக்கப் போகும் நேரத்தில். முந்தைய நாளே நகல் வாங்கி, அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது பொருளுக்கு வருவோம். சிலிகானைச் சுற்றி உடல் ஒரு மெல்லிய உறை கட்டும், சதை உள்ளே வளராது. அதனால் எடுப்பது சுலபம். ஆனால் ஸ்க்ரூ இல்லையென்றால் நகரும், வருடக்கணக்கில் அடியிலுள்ள எலும்பைக் கொஞ்சம் அரிக்கவும் செய்யும். மெட்போர் என்பது துளைகள் உள்ள பாலிஎத்திலீன். சதை துளைக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்வதால் நகராது. எடுக்க வேண்டி வந்தால் சதையோடு பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டில் எது மேல் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பிடிக்காமல் போனால் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்குச் சிலிகான்தான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. ஏமாற்று நடப்பது, ஒன்றுக்கு விலை பேசிவிட்டு இன்னொன்றை வைப்பதில். சி.டி.யில் சிலிகான் சுற்றியுள்ள சதையைவிட வெளுப்பாகத் தெரியும், மெட்போர் அப்படித் தெரியாது. ஆகவே எது உள்ளே இருக்கிறது என்று ஊரில் ஸ்கேன் எடுத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

'உங்கள் முகத்துக்கென்றே 3டியில் செய்தது' என்பது அடுத்த வியாபாரம். நிஜமாகவே அப்படிச் செய்தால் உங்கள் சி.டி. கோப்பிலிருந்து வடிவமைத்து, அறுவைக்கு முன்பே திரையில் இடது வலது தடிமனைக் காட்டி, உங்கள் ஒப்புதல் வாங்கி, பிறகுதான் தயாரிப்பார்கள். அதற்கு நாள் பிடிக்கும். திங்கள்கிழமை ஸ்கேன், புதன்கிழமை அறுவை, ஆனால் 'கஸ்டம்' என்றால், சிலிகான் கட்டியை மேஜையில் வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். செதுக்குவது தவறு என்று சொல்லவில்லை, கைதேர்ந்தவர்கள் அழகாகச் செய்வார்கள். கஸ்டம் விலை வாங்குவதுதான் தவறு.

வேலை எங்கே கெடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான வழி, மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே உள்ள மடிப்பில் 2 முதல் 3 செ.மீ. கீறல். ஈறை ஒட்டியே கீறினால் தைக்கச் சதை மிஞ்சாது, காயம் வாய் பிளக்கும், அரை செ.மீ.யாவது விட்டுக் கீற வேண்டும். பிறகு எலும்பின் மேல்தோலுக்கு அடியில் பை மாதிரி இடம் பிரிப்பார்கள். பை பெரிதாகி ஸ்க்ரூவும் போடாவிட்டால் இம்பிளான்ட் மிதக்கும். ஒரு ஸ்க்ரூ நகர்வதைத் தடுக்கும், சுழல்வதைத் தடுக்க இரண்டு வேண்டும். நேராகப் பார்க்கும்போது கருவிழிக்கு நேர் கீழே, கண்குழி விளிம்பிலிருந்து சுமார் 1 செ.மீ. தாழ, மேலுதடு, மூக்கோரம், கீழிமை மூன்றுக்கும் உணர்வு தரும் நரம்பு வெளியே வருகிறது. அது இழுபட்டால் சில வாரம் முதல் சில மாதம் வரை மரத்துப்போகும், மெல்லத் திரும்பும். இம்பிளான்ட் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தால் தானாகச் சரியாகாது. மரத்ததோடு எரிச்சலும் மின்னல் மாதிரி வலியும் இருந்தால் ஆறு மாதம் காத்திருக்காமல் சி.டி. எடுங்கள். 'பொறுங்கள்' என்ற பதில் வீக்கத்துக்குப் பொருந்தும், இடம் மாறி உட்கார்ந்த துண்டுக்குப் பொருந்தாது. வீக்கம் வாரத்துக்கு வாரம் குறையும். விரலால் தடவினால் ஓரம் தட்டுப்படுவதும், அழுத்தினால் அசைவதும் வீக்கத்தின் குணம் இல்லை.

சீழ் வைப்பதற்கும் ஓர் அடையாளம் உண்டு. வடிந்துகொண்டிருந்த வீக்கம் ஒரு பக்கம் மட்டும் திரும்ப ஏறும், தோல் சிவந்து சூடாகும், வாயில் உப்புக் கரிக்கும் அல்லது நாறும். கீறல் வழியாகச் சீழ் கசிகிறது என்று பொருள். மாத்திரை போட்டால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி வரும். கிருமி இம்பிளான்ட் மேல் படலமாகப் படிந்துவிடுவதே காரணம். அந்த நிலையில் எடுத்துவிடுவதுதான் வழி. சொத்தைப் பல்லோடு போய்ப் படுப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். பல் டாக்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். முக அறுவைக்குப் பிறகு 7 முதல் 10 நாள் விமானம் ஏற வேண்டாம் என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். 'ஐந்து நாள் பேக்கேஜ்' விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

கிளம்பும் முன் வாங்க வேண்டியவை: அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, முன்னும் பின்னும் எடுத்த சி.டி.யின் டைகாம் கோப்பு, அதாவது ஸ்கேனின் மூலக் கோப்பு (திரையைப் போனில் பிடித்த படம் உதவாது), இம்பிளான்ட் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் ஒரு விரல் நீளம்தான். அதில் 'ரெஃப்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மாடல் எண், 'லாட்' பக்கத்தில் தொகுதி எண், மணல்கடிகாரப் படத்தின் பக்கத்தில் காலாவதித் தேதி, ஒரு பார்கோடு. பெட்டியிலிருந்து உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவதற்காகவே ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டிக்கர்கள் வரும். "தீர்ந்துவிட்டது" என்றால் கோப்பில் ஒட்டியதைப் படமெடுக்கச் சொல்லுங்கள். ஒட்டவே இல்லை என்றால் பெட்டி என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். அறுவைக் குறிப்பை 10 வருடம் வைத்திருப்பது அங்கே சட்டக் கடமை, நகல் கேட்பது நோயாளியின் உரிமை. நேரில் இருக்கும்போது கேட்டால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை. ஊரிலிருந்து கேட்டால் ஒப்புதல் கடிதம், பாஸ்போர்ட் நகல் என்று இழுத்தடிப்பார்கள்.

வழக்கு விஷயத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். கொரிய மருத்துவத் தகராறு சமரச மையத்தில் வெளிநாட்டவரும் மனுக் கொடுக்கலாம். ஆனால் சாதாரண வழக்குகளில் 14 நாளுக்குள் கிளினிக் சம்மதிக்காவிட்டால் மனு தள்ளுபடி. கிளினிக் பெயரைப் போட்டு எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்குப் போட முடியும். இந்தப் பதிவில் ஒரு கிளினிக்கின் பெயரும் இல்லாததற்கு அது ஒரு காரணம். பாதிப் பணம் திருப்பித் தருகிறோம் என்று நீட்டும் காகிதத்தில் 'இனி எங்கும் பேசமாட்டேன், பதிவை நீக்குவேன், மேற்கொண்டு எதுவும் கோரமாட்டேன்' என்ற வரிகள் இருக்கும். சமரசம் தப்பில்லை, திரும்ப எடுக்கும் செலவுக்கும் மறுபடி வைக்கும் செலவுக்கும் கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஊரில் எடுப்பதாக முடிவானால், அதே வாய்க் கீறல் வழியாகவே எடுப்பார்கள். சீழ் வைத்திருந்தால் மறுபடி வைக்க மூன்று முதல் ஆறு மாதம் விட வேண்டும். வெளியே வந்த துண்டைக் குப்பையில் போடவிடாதீர்கள். மூடியுள்ள டப்பாவில், தேதியும் இடது வலதும் எழுதி, டாக்டர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அச்சில் வார்த்ததற்கு முதுகு வழவழவென்று, ஓரம் காகிதம் போல மெலிந்து முடியும். அறுவையின்போது ஓரத்தைக் கொஞ்சம் சீவியிருப்பது சகஜம். முதுகு முழுக்க கத்தி இழுத்த தடம் வரிவரியாக இருந்தால், நீங்கள் கஸ்டம் விலை கொடுத்து வாங்கியது மேஜையில் வைத்துச் செதுக்கிய அந்தச் சிலிகான் கட்டியைத்தான்.