கே.ஆர்.பி. அணைக்கரையும் என் இரண்டு தூண்டில் ரீல்களும்: நான்கு வருட எண்ணெய், கிரீஸ் அனுபவம்

கிருஷ்ணகிரி அணைக்கரையில் ஒரு டிசம்பர் விடியல். கட்லா இரையை இழுத்ததும் தூண்டிலைச் சுண்டினேன். தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலின் கைப்பிடி சரசரவென்று பின்பக்கம் சுற்றியது. நரம்பு தளர்ந்தது, மீன் போய்விட்டது.

முந்தின வாரம் நான் செய்த சர்வீஸ்தான் காரணம். டிராக்டருக்குப் போடும் சேசிஸ் கிரீஸை உள்ளே தாராளமாக அப்பியிருந்தேன். கைப்பிடியைப் பின்னால் சுற்றவிடாமல் தடுக்கும் ஒருவழி பேரிங்குக்குள்ளும் அது புகுந்துவிட்டது. அதிலுள்ள சின்ன உருளைகள் சட்டென்று நகர்ந்து தண்டைக் கவ்வ வேண்டும். கெட்டி கிரீஸில் சிக்கினால், அதுவும் குளிரில், கவ்வாது. இப்போது அந்த பேரிங்கைத் துடைத்துவிட்டு, எண்ணெய் தொட்ட தீக்குச்சி முனையால் ஒற்றுவதோடு சரி. அதற்குப் பிறகு ஒருமுறைகூட கைப்பிடி பின்னால் போகவில்லை.

பல்லோடு பல் அழுந்தும் கியருக்கு கிரீஸ்தான். எண்ணெய் அங்கே நிற்காது, வழிந்துவிடும். ஆனால் கிரீஸின் கெட்டித்தன்மையைப் பார்த்து வாங்க வேண்டும். டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். வண்டி பேரிங்குக்கு வருவது பெரும்பாலும் 2. எண் குறையக் குறைய இளகலாக இருக்கும். என் சின்ன ஸ்பின்னிங் ரீலுக்கு 2 போட்டபோது மாவாட்டுவதுபோல் இருந்தது. 0 போட்டதும் கை லேசானது. பிள்ளைகளின் வாட்டர் கலர் பிரஷால் பல்லுக்குப் பல் மெல்லிசாகத் தடவினால் போதும்.

என் இன்னொரு ரீலான பெய்ட்காஸ்டரில், வீசும்போது சுழலும் நரம்பு உருளையின் (ஸ்பூல்) பேரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார் கரையில் பழக்கமான பெரியவர் ஒருவர். வெயில் காலத்தில் அருமையாக ஓடியது. மார்கழியில் வீட்டுப் பாட்டிலில் உறைந்த மாதிரியே பேரிங்கிலும் உறைந்து, வீச்சு பாதித் தூரத்தில் விழுந்தது. பழைய எண்ணெய் பிசினாகவும் ஒட்டியிருந்தது. கழுவிவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். இன்சுலின் சிரிஞ்சில் ஒரு சொட்டு. இரண்டு வருடமாக அதுதான், குறையே இல்லை. துருவை இளக்கும் ஸ்ப்ரேயை மட்டும் உள்ளே அடிக்காதீர்கள், இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும்.

கடல் மீன்பிடிக்கென்று விலை கூடுதலாக விற்கும் கிரீஸ் நம் அணைக்குத் தேவைப்படவில்லை. இங்கே உப்பைவிடத் தூசிதான் எதிரி. கிரானைட் லாரிகள் ஓடும் சாலையில் பைக்கில் ரீலைத் திறந்தபடி கொண்டுபோன வருடம், மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வெண்ணெய் நிறத்தில் போட்ட கிரீஸ் கண்மை மாதிரி கறுத்திருந்தது. விரலில் தேய்த்தால் நெருநெருவென்றது. இப்போது ரீலுக்குத் துணிப்பை தைத்துவிட்டேன். வெளியே வழிந்த எண்ணெயை அப்போதே துடைத்துவிடுகிறேன்.

மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக்கில் கார்பன் வாஷர் இருந்தால் அதற்கென்று வரும் டிராக் கிரீஸையே போடுங்கள். நரம்பு உருளும் லைன் ரோலருக்கு மூன்று நான்கு முறை போய்வந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். முதல் வருடம் அதை மறந்ததில் ரோலர் இறுகி, புது நரம்பு அரை அடிக்கு ஒருதரம் முறுக்கிக்கொண்டது.