கோஎன்சைம் க்யூ10: டப்பாவில் அச்சிடாத எச்சரிக்கை

இதய வால்வு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துவரும் கோபிச்செட்டிபாளையத்து நண்பர் ஒருவர், கோஎன்சைம் க்யூ10 என்ற சத்து மாத்திரையின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க ரொம்ப நாளாச் சாப்பிடறீங்களே, நானும் வாங்கட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று உடனே சொன்னேன். காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தொடங்கியபின் தொடைத் தசைகளில் வலி கண்டதால், மருத்துவரின் ஒப்புதலோடு கோஎன்சைம் க்யூ10-ஐ நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் எடுத்துவருகிறேன். கொலஸ்ட்ராலை உருவாக்கும் அதே வழியில்தான் உடல் இந்தப் பொருளையும் தானே உருவாக்கிக்கொள்கிறது. ஸ்டாடின் அந்த வழியைத் தடுக்கும்போது இரத்தத்தில் இதன் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்டினால் வலி தீருமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எனக்கு வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் அதே காலத்தில் மருத்துவர் ஸ்டாடின் அளவையும் குறைத்திருந்தார் என்பதால், முழுப் பெருமையையும் இதற்கே கொடுப்பது நேர்மையாகாது. கொழுப்பில் கரையும் பொருளாகையால், நெய் ஊற்றிய அரிசிபருப்புச் சாதத்தோடு மதியத்தில் எடுத்துக்கொள்கிறேன். இரவில் எடுத்தால் சிலருக்குத் தூக்கம் கெடும்.

என் கோபமெல்லாம் அந்த டப்பாவின் மீதுதான். முன்பக்கம் முழுக்க இதயத்தின் படம். பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டே வாசிக்கக்கூடிய எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரி. இதன் மூலக்கூறு அமைப்பு, இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை ஒத்திருப்பதால் வார்ஃபரினின் வேலையை இது மட்டுப்படுத்தக்கூடும் என்பதும், இரத்த அழுத்தத்தைச் சிலருக்குச் சற்றே இறக்கக்கூடும் என்பதும் நான் வாங்கிய எந்த டப்பாவிலும் இல்லை. செயற்கை வால்வு பொருத்தியவருக்கு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கினால் வால்விலேயே இரத்தம் கட்டிக்கொள்ளலாம். இதயத்தின் படத்தைப் பார்த்து முதலில் கைநீட்டுபவரும் அப்படிப்பட்டவர்தாம். இதைப் பற்றி ஈரோட்டில் ஒரு மருந்துக்கடையில் கேட்டபோது, "சத்து மாத்திரைதானுங்க, ஒண்ணும் பண்ணாதுங்க" என்று பதில் வந்தது.

எனக்கு இது ஒத்துக்கொண்டது; நிறுத்தும் எண்ணமில்லை. ஆயினும் அந்த எச்சரிக்கையைப் படிக்கும் அளவில் அச்சிடும்வரை, விலை பாதியாகக் குறைந்தாலும் எவரையும் வாங்கச் சொல்ல மாட்டேன். மருத்துவர் ஒருவேளை அனுமதித்தாலும், தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் செய்துகொள்ள வேண்டும் என்று நண்பரிடம் கூறியிருக்கிறேன்.