வயிற்று பெல்ட்: அடிபட்டு வந்த ஹெர்னியாவுக்கு வாங்கலாமா?

பாளையங்கோட்டை மெடிக்கல்களில் ‘வயித்து பெல்ட்’ கேட்டால் எடுத்துத் தருவது மூன்று பட்டை தைத்த எலாஸ்டிக் பெல்ட். சிசேரியனுக்குப் பிறகு கட்டும் அதே பெல்ட்தான். பைக் ஹேண்டில்பார் குத்தியோ, மாடு முட்டியோ, பனையிலிருந்து விழுந்தோ ஹெர்னியா (தசை கிழிந்த இடத்தில் குடல் பிதுங்கும் குடலிறக்கம்) வந்தவர்களும் இதைத்தான் தேடி வருகிறார்கள்.

இவ்வகை ஹெர்னியாவில் பெரும்பாலும் தோல் கிழிவதில்லை. உள்ளே தசையும் அதன் உறையும் கிழிந்திருக்கும். விலாவுக்குக் கீழே பலமாக அடிபட்டால் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்தே தசை பிய்ந்துவிடலாம். எந்த பெல்ட்டும் அதை ஒட்டவைக்காது. கூடவே குடலும் கிழிந்திருக்கலாம். வெறும் ரத்தக்கட்டு என்று நினைத்து அன்றே இறுக்கிக் கட்டினால் வீக்கம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், உள்காயம் அப்படியே இருக்கும். சி.டி. ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை தயவுசெய்து கட்டாதீர்கள்.

ஆபரேஷனில் கிழிசலுக்கு வலை வைத்துத் தைத்த பிறகு நிலைமை வேறு. இருமும்போதும் எழும்போதும் தையல் இடத்தைத் தாங்கி வலியைக் குறைப்பதில் இந்த பெல்ட் நன்றாகவே உழைக்கிறது.

பேன்ட் அளவைச் சொல்லி வாங்க வேண்டாம், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து போங்கள். 20, 25 செ.மீ. அகலங்களில் கிடைக்கும்; உயரம் குறைந்தவர்களுக்கு 25 விலாவில் இடிக்கும். மல்லாக்கப் படுத்து, மெல்லிய பருத்தி பனியன் மேல் கட்ட வேண்டும். இரண்டு விரல் நுழையாவிட்டால் இறுக்கம் அதிகம். மூச்சு முட்டும், நெஞ்சு எரியும்.

பெரிய குறை, உட்கார்ந்தால் சுருள்வது. தட்டை மடியில் வைத்து நாள்முழுக்க பீடி சுற்றும் பெண்களுக்கு மேல்விளிம்பு மடங்கிக் கயிறுபோல வெட்டும். பக்கவாட்டில் இடுப்பெலும்பை ஒட்டி ஹெர்னியா இருந்தால் பெல்ட் மேலே ஏறி, தாங்க வேண்டிய இடத்தை விட்டுவிடும். சித்திரை வெயிலில் வேர்க்குரு நிச்சயம், அதனால் இரண்டு வாங்கி மாற்றிக் கட்டுவதே நல்லது. வெல்க்ரோவை ஒட்டி மூடி, பச்சைத்தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி நிழலில் காயப்போடுங்கள். வெந்நீர் பட்டால் எலாஸ்டிக் தொய்ந்துவிடும். நூல் அடைத்தால் வெல்க்ரோ பிடிக்காது.

தொடையிடுக்கு ஹெர்னியாவுக்கான குமிழ் வைத்த பெல்ட்டை நீட்டினால் வாங்காதீர்கள். குமிழ் கிழிசலுக்குள்ளேயே அழுத்தும்.

வீக்கம் கல்போல் இறுகி உள்ளே போகாமல், வாந்தியும் வந்தால் உடனே பெல்ட்டைக் கழற்றுங்கள். சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்காமல் நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.