மரச்சிலந்திக் கூண்டும் அதன் கதவும்: நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின் சில குறிப்புகள்

மரத்தில் வாழும் டரான்டுலா சிலந்திக்காக நான் வாங்கிய அக்ரிலிக் கூண்டின் விலை அண்மையில் கணிசமாகக் குறைந்திருக்கிறது. இவ்வகைச் சிலந்தியை முதன்முறையாக வளர்க்கவிருக்கும் நண்பர் ஒருவர், இந்த விலையில் அதை வாங்கலாமா என்று கேட்டார். நானோ அதே கூண்டின் கதவைக் கழற்றி எடுத்துவிட்டு, வேறொரு கதவைச் செய்து பொருத்தி முடித்திருந்தேன். எனக்குக் கோபம் இன்னும் முழுவதும் ஆறவில்லை. ஆயினும் அந்தக் கூண்டு செய்திருக்கும் நன்மையை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அகலம், உயரம், எடை ஆகியவற்றை விற்பனைப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், 30 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட, முன்புறம் முழுவதும் ஒரே கதவாகத் திறக்கும் கூண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

என்னிடம் இருப்பது கரிபெனா வெர்சிகலர் என்னும் இனத்தைச் சேர்ந்த பெண் சிலந்தி. குஞ்சாக இருக்கும்போது உடல் முழுவதும் நீலமாகவும், வளர்ந்தபின் தலைப்பகுதி பச்சையாகவும் வயிறு செந்நிறமாகவும் மாறும் இந்தச் சிலந்தியை 1837-இல் வால்கனேர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் விவரித்தார். அண்மைக்காலம் வரை இது அவிகுலாரியா பேரினத்தில் இருந்தது. 2017-இல் ஃபுகுஷிமா, பெர்டானி என்னும் இரு ஆய்வாளர்கள் அதைக் கரிபெனா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார்கள். இதன் தாயகம் கரீபியனில் உள்ள மார்ட்டினிக் தீவு. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலேற்றப்பட்ட அதே தீவு என்பதால், இந்தச் சிலந்தியைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அந்தப் பெயர் எனக்கு வெறும் நிலப்படப் பெயராக இருந்ததில்லை. ஆனால் கூண்டைப் பொறுத்தவரை அந்தத் தீவைப் பற்றி அறிய வேண்டிய முதன்மையான செய்தி வேறு. அது வெப்பமும் ஈரமும் மிகுந்த தீவு. அதோடு ஆண்டின் பெரும்பகுதி அட்லாண்டிக் கடலிலிருந்து வணிகக் காற்று வீசிக்கொண்டே இருக்கும் தீவும்கூட. மரக்கிளையிலும் இலைகளுக்கிடையிலும் வலைக்குழாய் கட்டி வாழும் உயிருக்கு ஈரம் எவ்வளவு பழக்கமானதோ அவ்வளவு பழக்கமானது ஓடும் காற்று.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தச் சிலந்தியும் இதன் அவிகுலாரியா உறவினங்களும் வீடுகளில் காரணம் தெரியாமல் திடீரென்று செத்துப்போகின்றன என்ற பேச்சு வளர்ப்பவர்களிடையே நெடுங்காலம் இருந்துவந்தது. மழைக்காட்டுச் சிலந்தி என்பதற்காகக் கூண்டை இறுக மூடி, நாள்தோறும் நீர் தெளித்து, உள்சுவரில் துளிகள் கோத்து நிற்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பதே அக்காலத்து அறிவுரை. அப்படி வைத்த பெட்டியில் காற்று தேங்கும், பூஞ்சை படரும், இளஞ்சிலந்திகள் ஒவ்வொன்றாகச் சாகும். இன்று அனுபவமுள்ள வளர்ப்பாளர்களில் பெரும்பாலோர் குறுக்குக் காற்றோட்டத்தையே முதலில் கேட்கிறார்கள். ஈரம் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. இந்தக் கூண்டைச் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. இடப்பக்கச் சுவரின் அடியில் ஒரு துளை வரிசை, வலப்பக்கச் சுவரின் மேற்பகுதியில் இன்னொரு துளை வரிசை என அமைத்திருக்கிறார்கள். உள்ளே வெதுவெதுப்பாகும் ஈரக்காற்று மேலேறி வலப்பக்கம் வெளியேற, இடப்பக்கம் கீழிருந்து புதுக்காற்று உள்ளே வருகிறது. மாலையில் ஒரு பக்கத்தை நனைத்தால் மறுநாள் நண்பகலுக்குள் சுவர் உலர்ந்துவிடும். அடிமண்ணின் ஒரு மூலை மட்டும் ஈரமாகவே இருக்கும். சிலந்திக்கு வேண்டியது துல்லியமாக இதுதான். குஞ்சுப் பருவம் தாண்டி இங்கே வந்த என் சிலந்தி ஒவ்வொரு முறையும் சிக்கலின்றிச் சட்டையுரித்து வளர்ந்திருக்கிறது என்றால் அதில் பெரும் பங்கு இந்தத் துளைகளுக்கு உண்டு. இவ்வளவு சிந்தித்து துளையிட்டவர்கள், கூண்டோடு வரும் துண்டுத்தாளில் மட்டும் தினமும் நீர் தெளித்து ஈரப்பதத்தை எப்போதும் உச்சத்தில் வைத்திருக்கச் சொல்லியிருப்பது எனக்கு விளங்கவில்லை. புதியவர்கள் அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுவிடுவது நல்லது.

மேல்மூடியில் உலோக வலைத்தகடு இல்லாததையும் பாராட்டியாக வேண்டும். கண்ணாடித் தொட்டிகள் பலவற்றில் மேலே கம்பிவலை இருக்கும். பல்லிக்கு அது பொருந்தும். தலைகீழாகத் தொங்கித் திரியும் மரச்சிலந்தியின் பாத நுனியில் உள்ள நகங்கள் அந்தக் கண்ணிகளில் மாட்டிக்கொண்டால் காலை இழக்க நேரிடும். இழந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மீண்டும் வளரும் என்பது உண்மைதான். அதற்காக அப்படியொரு துன்பத்துக்கு அதை ஆளாக்கத் தேவையில்லை.

இனி அந்தக் கதவு. மரச்சிலந்திக் கூண்டுக்கு மேல்திறப்பு கூடாது, முன்திறப்பே வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த பாடம். மேலே கட்டும் பழக்கமுள்ள சிலந்தி மூடியிலேயே வலையை ஒட்டிவிடும். ஒவ்வொரு முறை மூடியைத் தூக்கும்போதும் அதன் வீட்டின் கூரையைப் பிய்த்தெடுப்பது போலாகும். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்படும் முன்கதவு, உச்சி முதல் அடிவரை ஒரே பலகையாக இருந்தால் என்ன பயன்? என் சிலந்தி இங்கே குடியேறிய சில வாரங்களிலேயே கார்க் மரப்பட்டையின் மேல்நுனியிலிருந்து கதவின் மேல் மூலை வரை பட்டுக்குழாய் கட்டிவிட்டது. வெளிச்சமும் காற்றும் வரும் மூலை அது. சிலந்தியைக் குறை சொல்வதற்கில்லை. அன்றிலிருந்து உணவு போடக் கதவைத் திறந்தால் குழாய் கிழிந்தது. தண்ணீர் மாற்றத் திறந்தால் கிழிந்தது. உண்டு மிஞ்சிய எச்சில் உருண்டையை எடுக்கத் திறந்தாலும் கிழிந்தது. கிழிந்ததைச் சிலந்தி சில இரவுகளில் தைத்துவிடும். அதற்குள் அடுத்த உணவு நாள் வந்துவிடும். வலைநூல் செலவில்லாமல் வருவதில்லை. உடலில் உள்ள புரதத்தைக் கொண்டு அது நூற்கும் பட்டு அது. தோலுரிப்பு நெருங்கும் நாட்களில் குழாயின் வாயை மூடிக்கொண்டு உள்ளே கிடக்கும் சிலந்தியை அந்த நேரத்தில் அசைப்பது பெரும் தீங்கு. ஆகவே அந்த நாட்களில் கதவைத் தொடாமல், மேல் துளைகளின் வழியே ஊசிக்குழலால் சொட்டுச் சொட்டாக நீர் விட்டே காலம் தள்ளினேன்.

வேதனை என்னவென்றால், நாம் கையை உள்ளே விட்டுச் செய்ய வேண்டிய வேலைகள் அத்தனையும் கூண்டின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. உண்டு முடித்த எச்சிலைச் சிலந்தி கீழேதான் போடுகிறது. பிடிபடாத சுவர்க்கோழிப் பூச்சி கீழேதான் ஒளிகிறது. அடிமண்ணை நனைப்பதும் கீழேதான். கையளவு உயரமுள்ள ஒரு கீழ்க்கதவு இருந்திருந்தால் மேலே இருக்கும் வீட்டை ஆண்டு முழுவதும் தொட வேண்டியிருக்காது. காற்றோட்டத்தில் அவ்வளவு நுணுக்கம் காட்டிய ஒருவர் இந்த எளிய செய்தியை எப்படித் தவறவிட்டார் என்ற கேள்வி, கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் எழுந்துகொண்டே இருந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கதவு வளையத் தொடங்கியது. அக்ரிலிக் பலகை காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிதளவு உறிஞ்சும். ஈரம் படும் பக்கம் லேசாக விரியும். கூண்டின் உள்பக்கம் ஈரமாகவும், குளிர்காலத்தில் அறைச் சூடேற்றியால் வறண்டுபோன இங்கிலாந்து வீட்டுக் காற்று வெளிப்பக்கமும் இருக்கும்போது, 3 மி.மீ. தடிப்புள்ள நெடும்பலகை வேறென்ன செய்யும்? நடுப்பகுதி உள்நோக்கிப் புடைத்து, கீலுக்கு எதிர்ப்பக்கத்தின் இரு மூலைகளும் வெளிநோக்கி எழுந்துவிட்டன. கதவை மூடிப் பிடித்திருந்தது காந்தம்; அதன் பிடி இடைவெளி கூடக்கூட வேகமாகக் குறையும் இயல்புடையது. ஆகவே மூலை எழுந்த அளவுக்குக் காந்தமும் கைவிட்டது. சிலந்தியின் வயிறு அமுங்கும், ஆனால் தலைநெஞ்சுப் பகுதியின் ஓடு அமுங்காது. அந்த ஓடு நுழைய முடியாத இடைவெளி என்றால் சிலந்தியாலும் நுழைய முடியாது என்பதே வளர்ப்பவர்கள் கொள்ளும் கணக்கு. வளர்ந்த என் சிலந்திக்கு அந்த இடைவெளி போதவில்லை, அதுவரை நிம்மதி. இதே கூண்டில் இளஞ்சிலந்தியை வைத்திருப்பவருக்கு அந்த நிம்மதி கிடைக்காது. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டபோது, வளைவது அக்ரிலிக்கின் இயல்பு என்று பதில் வந்தது. அது அக்ரிலிக்கின் இயல்பு என்பது எனக்கும் தெரியும். அந்த இயல்பை அறிந்து தடிப்பைத் தேர்வது செய்பவரின் பொறுப்பு.

முடிவில், விளம்பரப் பலகைகள் வெட்டிக்கொடுக்கும் கடையொன்றில் 5 மி.மீ. அக்ரிலிக்கில் இரண்டு பலகைகள் வெட்டி வாங்கினேன். மேல் மூன்றில் இரண்டு பங்கை நான்கு சிறு திருகுகளால் நிலையாக மூடினேன். கீழ் ஒரு பங்கை மட்டும் கீல் வைத்துத் திறக்கும்படி செய்தேன். காந்தத்துக்குப் பதில் திருப்பி அடைக்கும் தாழ்ப்பாள். சிலந்தியை வேறு பெட்டிக்கு மாற்றிய அன்று அதன் பழைய குழாய் முழுவதும் போயிற்று. அது மட்டும் இன்றும் மனத்தை உறுத்துகிறது. ஆனால் திரும்ப வந்தபின் அது கட்டியிருக்கும் வீட்டைப் பார்த்தால், இந்தக் கூண்டு முதல் நாளிலிருந்தே எப்படி இருந்திருக்க வேண்டும் என்பது தெரிகிறது. மேல்பாதி முழுவதும் அடர்ந்த வெண்பட்டு. செயற்கை இலைகளைக் கூடக் கூரையாகச் சேர்த்துப் பின்னியிருக்கிறது. குழாய்க்கு இரண்டு வாசல்கள். தெளிக்கும் நீர் வலைமேல் துளிகளாக நிற்க, இரவில் அது வெளியே வந்து அவற்றைக் குடிப்பதைச் சிவப்பு விளக்கொளியில் பார்க்க முடிகிறது. தடித்த அக்ரிலிக் என்றாலும் தெளிவு குறையவில்லை. இவ்வளவு அழகை இவ்வளவு அருகிலிருந்து காட்டியதற்காக அந்தப் பெட்டிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

மற்ற ஏற்பாடுகள் எளியவை. அடியில் நான்கைந்து செ.மீ. அளவுக்குத் தேங்காய் நார்த்தூள் போதும். கடையில் செங்கல்லாக அமுக்கி விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவதுதான். உரங்கலந்த தோட்டமண்ணைத் தவிர்க்க வேண்டும். கார்க் பட்டையைச் சாய்வாக, மேல்நுனி கூரையைத் தொடாதபடி நிறுத்தி, அதைச் சுற்றி இலைகளை நெருக்கமாக வைத்தால் சிலந்தி நங்கூரமிட இடம் கிடைக்கும். நீர்க்கிண்ணம் ஒன்று கீழே எப்போதும் இருக்கட்டும். 20 முதல் 25 டிகிரி வரை இருக்கும் அறையில் தனிச் சூடேற்றி தேவையில்லை. சூடேற்றும் விரிப்பை அக்ரிலிக்கில் ஒட்டினால் அது இன்னும் வளையும். சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் மட்டும் வைக்கவே கூடாது. சிலந்தி பீய்ச்சும் கழிவு சுவரில் வெள்ளைக் கறையாகப் படியும். வெதுவெதுப்பான நீரும் மென்துணியும் போதும். கண்ணாடி துடைக்கும் திரவங்களில் உள்ள அம்மோனியாவும் ஆல்ககாலும் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். சிலந்திக்கும் அவை ஆகா.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இதைவிடச் சிறந்த காற்றோட்டம் உள்ள கூண்டை நான் இன்னும் பார்க்கவில்லை. என் சிலந்தி இதில்தான் முழுமையாக வளர்ந்தது. வேறு கூண்டுக்கு அதை மாற்றும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் குறைத்த விலையோடு புதுக் கதவுக்கான பலகை, கீல், தாழ்ப்பாள், வெட்டுக்கூலி ஆகியவற்றைக் கூட்டினால் பழைய விலையைத் தாண்டிவிடும். கதவை இரண்டாகப் பிரித்து, தடித்த பலகையில் செய்து அவர்கள் விற்கும் நாளில், விலை கூடியிருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள். அதுவரை, முன்புறக் கீழ்க்கதவும் இருபக்கத் துளைகளும் உள்ள வேறு எந்தப் பெட்டியாவது, தோற்றத்தில் சற்றுக் குறைந்ததானாலும், உங்கள் சிலந்திக்குப் போதும்.